தைராய்டு புற்றுநோய்: அயோடினால் வந்ததா, அயோடின் குறைந்ததால் வந்ததா?

கேட்டிருப்பது இதுதான். அக்காவுக்கு வயது 41. கழுத்தில் இருந்த கட்டியைப் பரிசோதித்ததில் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று வந்தது. தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து நிணநீர் முடிச்சுகள் சிலவற்றிலும் நோய் இருந்ததால் அடுத்து கதிரியக்க அயோடின் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் கலந்த உப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒருவர், "பார்த்தீர்களா, அந்த உப்பால்தான் வந்தது" என்கிறார். இன்னொருவர், "இல்லை, உடம்பில் அயோடின் குறைந்ததால்தான் வந்தது, அதனால்தான் அயோடினையே மருந்தாகத் தருகிறார்கள்" என்கிறார். இதில் எது சரி, இனி வீட்டில் எல்லோரும் உப்பை மாற்ற வேண்டுமா?

இரண்டுமே சரியில்லை. அக்காவின் சமையலறையில் இருந்த உப்பு இந்த நோயைக் கொண்டுவரவில்லை. அயோடின் குறைபாட்டை ஈடுகட்டுவதற்காக இந்த மருந்தைக் கொடுக்கவும் இல்லை. நான் அணு மருத்துவப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். இந்தக் குழப்பத்தோடு வராத குடும்பம் அபூர்வம். குழப்பம் தீர ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: தைராய்டு செல்லுக்கு அயோடின் மீது இருக்கும் பசி. குறைபாட்டால் வரும் கழலை, அணு உலை விபத்துக்குப் பின் குழந்தைகளுக்கு வந்த புற்றுநோய், அக்காவுக்குத் தரப்போகும் மருந்து, அதற்கு முன் இரண்டு வாரப் பத்தியம் என்று எல்லாமே அந்தப் பசியிலிருந்து வருபவைதான்.

தைராய்டு 15 முதல் 25 கிராம் வரை எடையுள்ள சின்னச் சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன்கள் இரண்டு. ஒன்றில் நான்கு அயோடின் அணுக்கள், மற்றொன்றில் மூன்று. டி4, டி3 என்று பரிசோதனைச் சீட்டில் பார்க்கிறோமே, அந்த 4-ம் 3-ம் இதைத்தான் சொல்கின்றன. அயோடின் இல்லாமல் இந்த ஹார்மோன் இல்லை. ஆனால் உணவில் கிடைக்கும் அயோடினோ மிகக் கொஞ்சம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிக்கு 250. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பதுதான் ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு அரிதான பொருளை இரத்தத்திலிருந்து பொறுக்கி எடுத்துச் சேர்த்து வைக்க, தைராய்டு செல்லின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியத்தையும் அயோடைடையும் சேர்த்து உள்ளே இழுக்கும் பம்பு என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் இருப்பதைப் போல 20 முதல் 40 மடங்கு அடர்த்திக்கு அது அயோடினைச் செல்லுக்குள் சேர்க்கிறது. உடம்பில் இருக்கும் மொத்த அயோடினில் முக்கால் பங்கு வரை இந்த ஒரு சுரப்பியில்தான் இருக்கிறது.

இந்தப் பம்பை முடுக்குவது மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்எச் ஏறும், பம்பு வேகமெடுக்கும். கூடவே டிஎஸ்எச் தைராய்டு செல்களைப் பெருகவும் தூண்டும். இந்த இரண்டாவது வேலையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறைபாட்டைப் பார்ப்போம். வருடக்கணக்கில் அயோடின் போதாமல் போனால் டிஎஸ்எச் ஏறியபடியே இருக்கும், சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. மலைப் பகுதிகளில், மழையும் பனிப்பாறையும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துச் சென்ற இடங்களில், ஊருக்கு ஊர் கழலை இருந்தது. 1811-ல் பெர்னார் கூர்ட்வா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1820-ல் ஜெனீவாவில் குவாந்தே என்ற மருத்துவர் அதையே கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். பின்னர் 1922-ல் சுவிட்சர்லாந்தும், 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கின. அதற்குப் பிறகு கழலை வேகமாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. கருவில் அயோடின் கிடைக்காமல் மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. பொது சுகாதாரத்தில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு பேருக்குப் பயன்பட்ட காரியங்கள் அதிகம் இல்லை. அதனால்தான் "உப்புதான் விஷம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

சரி, குறைபாடு புற்றுநோயைக் கொண்டுவருமா? இங்கே புற்றுநோயின் வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு புற்றுநோயில் பத்துக்கு எட்டு அல்லது அதற்கும் மேல் பாப்பிலரி வகை. மெதுவாக வளரும், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும், ஆனாலும் பெரும்பாலும் நன்றாகக் குணமாகும். அடுத்தது ஃபாலிகுலர் வகை. இது இரத்தத்தின் வழியே நுரையீரல், எலும்பு என்று போகக்கூடியது. அப்புறம் மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் என்று இரண்டு அரிய வகைகள். அயோடின் குறைவாக இருந்த பகுதிகளில் ஃபாலிகுலர் வகையும், மிகக் கொடிய அனாபிளாஸ்டிக் வகையும் அதிகமாகத் தெரிந்தன. டிஎஸ்எச் ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்ததுதான் இதற்குப் பின்னால் இருப்பதாகக் கருதப்படுகிறது. அயோடின் போதுமான அளவுக்கு வந்த பிறகு அந்த இரண்டின் பங்கு குறைந்து, பாப்பிலரியின் பங்கு கூடியது.

"பாப்பிலரி கூடியது" என்ற இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் உப்பின் மேல் பழி போடுகிறார்கள். அங்கே நடந்தது வேறு. கொடிய வகைகள் குறைந்தால், மிச்சமிருக்கும் வகையின் விகிதம் தானாகவே கூடும். அத்தோடு, கடந்த 30, 40 வருடங்களில் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பது பரவலானது. கையில் தட்டுப்படாத 5 மில்லிமீட்டர் கட்டியைக்கூட அது காட்டிக்கொடுக்கும். வேறு காரணங்களால் இறந்தவர்களின் தைராய்டைப் பின்லாந்தில் நுணுக்கமாக வெட்டிப் பார்த்தார்கள். 1985-ல் வெளியான அந்த ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மேல், யாருக்கும் தெரியாமல் மிகச் சிறிய பாப்பிலரி புற்று இருந்தது. அவர்கள் அதோடு வாழ்ந்து, வேறு எதனாலோ இறந்தவர்கள். தேடினால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் தெளிவாகக் காட்டும். 1999-ல் அங்கே தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அதோடு கூடுதலாகக் கொஞ்சம் பணம் கட்டிக் கழுத்து அல்ட்ராசவுண்டும் எடுத்துக்கொள்வது வழக்கமானது. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் மாறவே இல்லை. ஒரு நாட்டின் உணவு சில வருடங்களில் 15 மடங்கு கெட்டுப்போகாது. கூடியது தேடலின் வேகம். ஆபத்து செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதுதான் அதில் வருத்தப்பட வேண்டிய விஷயம். இதே காலத்தில் ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை வேறு வழியில் போனது. 1993 முதலே, 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவாத பாப்பிலரி கட்டிகளை அறுக்காமல் கண்காணித்துவரத் தொடங்கினார்கள். பத்து வருடத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு மட்டுமே கட்டி கவனிக்கத்தக்க அளவு வளர்ந்தது. வளர்ந்த பிறகு அறுவை செய்தவர்களும் நலமாகவே இருந்தார்கள். அக்காவின் நிலை இதுவல்ல. அவருக்கு முடிச்சுகளில் பரவியிருக்கிறது, சிகிச்சை வேண்டும். ஆனால் இதைப் படிக்கும் யாராவது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கட்டியைக் கண்டு தூக்கம் கெட்டுக் கிடந்தால், அவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அயோடின் அளவுக்கு மிஞ்சினால் ஒன்றும் ஆகாதா என்றால், ஆகும். சிலருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், சிலருக்குக் குறைந்துபோகலாம், தன் உடம்பே தன் தைராய்டைத் தாக்கும் அழற்சி கூடலாம். ஆனால் உப்பில் சேர்க்கும் அளவு அயோடின் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை.

அப்படியானால் உறுதியாகத் தெரிந்த காரணம் எது? கதிர்வீச்சு, அதிலும் குழந்தைப் பருவத்தில் பட்ட கதிர்வீச்சு. முன்பு குழந்தைகளின் தைமஸ் சுரப்பி வீக்கம், தலைப் படை, டான்சில் ஆகியவற்றுக்கெல்லாம் எக்ஸ்-ரே சிகிச்சை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. வளர்ந்தவர்களின் தைராய்டு இந்த விஷயத்தில் அவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவதில்லை, குழந்தையின் தைராய்டு பாதிக்கப்படும். சில குடும்பங்களில் மரபணு வழியாகவும் வருகிறது, குறிப்பாக மெடுல்லரி வகை. பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இதைத் தாண்டி, பெரும்பாலானோருக்கு இன்ன காரணம் என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. அக்காவுக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் செய்த எதனாலும், சாப்பிட்ட எதனாலும் இது வரவில்லை. இதை அவரிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளிகள் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அயோடினும் கதிர்வீச்சும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை உலகம் செர்னோபிலில் கற்றுக்கொண்டது. 1986 ஏப்ரல் 26 அன்று அணு உலை வெடித்தபோது வெளியே கொட்டியவற்றில் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினும் ஒன்று. அது புல்லில் படிந்தது, புல்லை மாடு மேய்ந்தது, பாலில் இறங்கியது, குழந்தைகள் குடித்தார்கள். தைராய்டுக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்ற பேதம் தெரியாது. வந்ததை இழுத்துக்கொண்டது. குழந்தையின் சுரப்பி சிறியது, குடிக்கும் பாலோ அதிகம், அதனால் ஒரு கிராம் சுரப்பிக்குக் கிடைத்த கதிர்வீச்சு பெரியவர்களைவிடப் பல மடங்கு. அந்தப் பகுதி மக்களுக்கு ஏற்கனவே அயோடின் குறைவாக இருந்தது. பசித்திருந்த சுரப்பிகள் இன்னும் ஆவலாக இழுத்தன. நாலைந்து வருடத்தில் குழந்தைகளின் கழுத்தில் கட்டிகள் தெரிய ஆரம்பித்தன. விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை கிட்டத்தட்ட 20,000 பேருக்குத் தைராய்டு புற்றுநோய் பதிவானது. அதில் ஏறக்குறைய கால் பங்கு கதிர்வீச்சால் வந்தது என்று ஐ.நா.வின் அறிவியல் குழு கணக்கிட்டிருக்கிறது. 2005-ல் வந்த ஓர் ஆய்வில், அயோடின் குறைந்த இடங்களில் வாழ்ந்த குழந்தைகளுக்குக் கதிர்வீச்சால் வரும் ஆபத்து மற்ற இடங்களைப் போல மூன்று மடங்கு என்றும், பிறகு அயோடின் மாத்திரை கிடைத்தவர்களுக்கு ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்றும் தெரிந்தது.

அதாவது, உங்கள் வீட்டில் "குறைவால் வந்தது" என்று சொன்னவரின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அது செர்னோபில் போன்ற சூழலுக்குப் பொருந்தும் உண்மை.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை வேலை செய்யும் விதமும் இதுவேதான். கதிரியக்க அயோடின் வருவதற்கு முன்பே சாதாரண அயோடினால் சுரப்பியை நிரப்பிவிட்டால் வருவதற்கு இடமில்லை. பெரியவர்களுக்கான 130 மில்லிகிராம் மாத்திரையில் தினசரித் தேவையைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல் அயோடின் இருக்கிறது. போலந்து அரசு 1986-ல் சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பொட்டாசியம் அயோடைடைக் கொடுத்துவிட்டது. ஆனால் இதற்கு நேரம் முக்கியம். கதிர்வீச்சு வருவதற்குச் சற்று முன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பலன். ஒரு நாள் தாண்டிவிட்டால் பலன் இல்லாததோடு, ஏற்கனவே உள்ளே போன கதிரியக்க அயோடின் வெளியேறுவதையும் அது தாமதப்படுத்தலாம். மற்ற கதிரியக்கப் பொருட்களுக்கு எதிராக அது எதுவும் செய்யாது. அரசு சொல்லாமல் இதை வாங்கி விழுங்குவதில் அர்த்தமே இல்லை.

இப்போது அக்காவின் சிகிச்சைக்கு வருவோம். செர்னோபில் குழந்தைகளைப் பாதித்த அதே அயோடின்-131தான் மருந்து. இதைக் கேட்டால் யாருக்கும் முதலில் திடுக்கிடத்தான் செய்யும். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பயம் கொஞ்சம் குறையும். 1936-ல் பாஸ்டனில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் பேசிய கூட்டத்தில் சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். இரண்டு வருடத்தில் பெர்க்லியில் லிவிங்குட்டும் சீபோர்கும் அயோடின்-131-ஐக் கண்டுபிடித்தார்கள். 1941-ல் ஹெர்ட்ஸ், தைராய்டு அதிகம் சுரந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். புற்றுநோய்க்கு அது வந்த கதை இன்னும் வியப்பானது. நியூயார்க்கில் சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவரிடம் வந்த ஒருவருக்குத் தைராய்டை எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவருக்குத் தைராய்டு ஹார்மோன் மிகையாக இருந்தது. சுரப்பியே இல்லாதவருக்கு ஹார்மோன் எங்கிருந்து வரும்? பரவியிருந்த புற்றுக் கட்டிகள்தான் அதைச் சுரந்துகொண்டிருந்தன. சுரக்கிறது என்றால் அயோடினை இழுக்கிறது என்று பொருள். இழுப்பதை வைத்தே அதை அழிக்கலாமே என்று 1943-ல் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அந்த நோயாளிக்குப் பலன் தெரிந்தது. பாப்பிலரி, ஃபாலிகுலர் செல்கள் கெட்டுப்போன பிறகும் பிறந்த வீட்டுப் பழக்கத்தை முழுவதும் மறப்பதில்லை. இந்தச் சிகிச்சை அந்த மிச்சப் பழக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது.

அயோடின்-131-ன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். அது விடும் பீட்டா துகள் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் தூரம்தான் போகும். அதனால் மருந்து சேர்ந்த செல்லும் அதன் அண்டை அயலும்தான் அடிபடும், கொஞ்சம் தள்ளி இருக்கும் திசு தப்பிக்கும். கூடவே வரும் காமா கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதைக்கொண்டுதான் சில நாள் கழித்து ஸ்கேன் எடுத்து, மருந்து எங்கெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அக்காவைத் தனி அறையில் வைப்பதும் அந்தக் காமா கதிரை முன்னிட்டுத்தான்.

இரண்டு வாரப் பத்தியம் ஏன் என்று கேட்டீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன், இதைச் சொன்னால் பெரும்பாலும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. சிகிச்சைக்குக் கொடுக்கும் 100 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மருந்தில் இருக்கும் அயோடின்-131-ன் எடை 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. சாதாரண உணவில் ஒரு நாளில் 150 மைக்ரோகிராம் அயோடின் உள்ளே போகிறது. பத்தியம் இருக்காவிட்டால், ஒரு மருந்து அணுவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சாதாரண அயோடின் அணுக்கள் அதே பம்பின் வாசலில் நெருக்கியடித்து நிற்கும். மருந்து உள்ளே போக இடம் கிடைக்காது. அதனால்தான் ஒன்று முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறார்கள். மிச்சமிருக்கும் தைராய்டு செல்களைப் பட்டினி போட்டுப் பசியைக் கிளப்புகிறோம், பிறகு மருந்தைப் பரிமாறுகிறோம். டிஎஸ்எச் அளவை 30-க்கு மேல் ஏற்றுவதும் இதற்காகத்தான். தைராய்டு மாத்திரையை மூன்று, நான்கு வாரம் நிறுத்தினால் டிஎஸ்எச் தானாக ஏறும், ஆனால் அந்தக் காலம் கஷ்டமானது. சோர்வு, குளிர், மலச்சிக்கல், மனம் சோர்ந்துபோவது என்று எல்லாம் வரும். அந்த நாட்களில் அக்கா எரிந்து விழுந்தாலோ அழுதாலோ அது ஹார்மோன் இல்லாததால் வருவது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மாத்திரையை நிறுத்தாமல், செயற்கை டிஎஸ்எச் ஊசியை அடுத்தடுத்த இரண்டு நாள் போடும் வழியும் இருக்கிறது. செலவு அதிகம், ஆனால் இந்த அவதி இல்லை. எது பொருந்தும் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பத்தியத்தில் நான் அதிகம் பார்த்த தவறு ஒன்று உண்டு. "அயோடின் உப்பு வேண்டாம்" என்பதை "உப்பே வேண்டாம்" என்று எடுத்துக்கொள்வது. நிறுத்த வேண்டியது அயோடினை, சோடியத்தை அல்ல. தைராய்டு ஹார்மோன் இல்லாத நிலையில் உப்பையும் முழுக்க விட்டுவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும், வயதானவர்களுக்குக் குறிப்பாக. அயோடின் சேர்க்காதது என்று பாக்கெட்டிலேயே அச்சிட்ட உப்பை வாங்கி, அளவோடு போட்டுச் சமையுங்கள். வெளியே செய்த பண்டங்களில் எந்த உப்பு என்று தெரியாது என்பதால் அவை வேண்டாம். கடல் மீன், கடற்பாசி, பால், பாலில் செய்தவை, முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அரிசி, காய்கறி, பழம் எல்லாம் சாப்பிடலாம்.

உணவைவிடப் பெரிய கதவுகள் வேறு இருக்கின்றன. சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் செலுத்தும் மருந்தில் கிராம் கணக்கில் அயோடின் இருக்கிறது. அண்மையில் அப்படி எடுத்திருந்தால் ஓரிரு மாதமாவது காத்திருக்க வேண்டியிருக்கும். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் உண்டு, அது உடம்பில் பல மாதம் தங்கும். புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின், சத்து மாத்திரை, சிவப்பு நிறமூட்டி சேர்த்த சில மருந்துகள் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நான் பார்த்த ஒரு பெண்மணி உப்பு, பால் எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்தியிருந்தார். ஆனால் "இயற்கையானதுதானே" என்று கடற்பாசி மாத்திரை மட்டும் தினமும் சாப்பிட்டு வந்தார். சிறுநீரில் அயோடின் அளவு பார்த்ததும் தெரிந்துவிட்டது. அத்தனை நாள் ஹார்மோன் இல்லாமல் பட்ட பாடு வீணாகி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கடல் உணவு ஒவ்வாமை இருப்பவர்கள் இந்த மருந்துக்குப் பயப்படுவதுண்டு. அந்த ஒவ்வாமை இறால், நண்டில் இருக்கும் புரதத்துக்கு எதிரானது, அயோடினுக்கு எதிரானது அல்ல. கவலை வேண்டாம்.

மருந்து, ஒரு மாத்திரையாகவோ கொஞ்சம் திரவமாகவோ இருக்கும். விழுங்கும்போது எதுவும் தெரியாது. செல்களில் சேராத பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அதே பம்பு கொஞ்சம் இருப்பதால் கன்னம் வீங்கலாம், வாய் உலரலாம், சுவை மாறலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு வாய் வறட்சி நீடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, அதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்தை ஒருபோதும் கொடுக்க மாட்டார்கள், பின்னரும் 6 முதல் 12 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மார்பகமும் அயோடினை இழுக்கும்.

எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தைராய்டை எடுத்த கையோடு ஏறக்குறைய எல்லோருக்கும் 100 மில்லிக்யூரி கொடுத்தார்கள். 2012-ல் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஆபத்து குறைந்தவர்களுக்கு 30 மில்லிக்யூரியே போதும் என்று காட்டின. 2022-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, ஆபத்து மிகக் குறைந்தவர்களுக்கு எதுவுமே கொடுக்காமல் கண்காணித்தாலும் மூன்று வருடத்தில் முடிவு வேறுபடவில்லை என்று காட்டியது. அக்காவுக்கு முடிச்சுகளில் பரவல் இருப்பதால் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. எத்தனை முடிச்சு, எவ்வளவு பெரிது, எத்தனை மில்லிக்யூரி, ஏன் அந்த அளவு என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பசி இல்லாத இடத்தில் இந்த மருந்து தோற்றுப்போகும். மெடுல்லரி புற்று வேறு வகைச் செல்லில் தோன்றுவது, அதற்கு அயோடின் பம்பே கிடையாது. அனாபிளாஸ்டிக் செல்கள் அதைத் தொலைத்துவிட்டவை. பாப்பிலரியிலும் பி-ராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் பம்பு குறையலாம். அப்படிப்பட்டவர்களுக்கு லென்வாட்டினிப், சோராஃபினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. இன்னொரு முயற்சி எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது: வேறொரு மருந்தைச் சில வாரம் கொடுத்து, அணைந்துபோன பம்பை மறுபடி எழுப்பி, பிறகு கதிரியக்க அயோடினைக் கொடுப்பது. 2013-ல் செலுமெட்டினிப் மருந்தால் சிலருக்கு இது நடந்தது.

"அயோடின் சொட்டு மருந்து சாப்பிட்டால் புற்றுநோய் கரையும்" என்று வரும் செய்திகளைத் தயவுசெய்து அக்காவிடம் கொண்டுபோகாதீர்கள். சாதாரண அயோடினுக்குப் புற்று செல்லை அழிக்கும் வேலை எதுவும் தெரியாது. சிகிச்சையில் அழிப்பது கதிர்வீச்சு, அயோடின் அதைக் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே. இந்த நேரத்தில் அந்தச் சொட்டுகளைக் குடித்தால் வண்டி நுழைய வேண்டிய வாசலை நாமே அடைத்தவர்களாவோம்.

கடைசியாக, வீட்டு உப்பு. அக்காவுக்கு இனி தைராய்டு இல்லை, ஹார்மோன் மாத்திரையாக வருகிறது. அந்த மாத்திரைக்குள்ளேயே அயோடின் இருக்கிறது, 100 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறக்குறைய 65 மைக்ரோகிராம். அதனால் உணவு அயோடினை அவர் வாழ்நாள் முழுக்க ஒதுக்குவதில் எந்தப் பயனும் இல்லை, சாப்பிடுவதில் கெடுதலும் இல்லை. மற்றவர்கள் கதை வேறு. அவர்களுக்குத் தைராய்டு இருக்கிறது, அதற்கு அயோடின் வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பம் தரிக்கப்போகும் பெண்களுக்கும் அது கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு அயோடின் உப்பு அப்படியே தொடரட்டும். இரண்டு வாரம் அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு பாத்திரத்தில், அயோடின் சேர்க்காத உப்பில் சமைத்தால் போதும். மருந்து கொடுத்த பிறகு எந்த நாளிலிருந்து பழைய உப்புக்குத் திரும்பலாம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே சரி என்று சொல்லிவிடுவார்கள்.